சுவருக்கு எப்படித் தெரியும்?

விரல் பாயில் ஒரு தட்டு தட்டினால் ‘நில்லு’ என்று அர்த்தம். இரண்டு தட்டு தட்டினால் ‘திரும்ப’.

அன்றைக்கு எனக்கு விழுந்தது இரண்டு தட்டு.

அஸர் தொழுகை முடிந்த சாயங்காலம். ஜன்னல் கம்பியில் நெய்வேலி நிலக்கரி மைன்ஸ் பக்கமிருந்து வரும் மெல்லிய தூசு படிந்திருந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் யாரோ பலாப்பழம் அறுத்திருந்தார்கள், அந்த வாசனை அறை முழுக்க. நாங்கள் ஐந்தாறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். என் முன்னால் மடக்குப் பலகையில் குர்ஆன். எனக்கு வயது ஐம்பதுக்கு மேல், சம்மணம் போட்டால் முட்டி இரண்டும் சண்டைக்கு வரும். விரலுக்குச் சொந்தக்காரியோ என் மகளைவிடச் சின்னவள்.

“மாமி, திரும்ப ஓதுங்க.”

“அதே இடமா?”

“அதே இடந்தான்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. டவுன்ஷிப்பில் பாதி வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் பிசிக்ஸ் டீச்சர். கடைத்தெருவில் நடந்தால் மீசை வைத்த ஆம்பளைகள் வண்டியை நிறுத்தி “குட் ஈவ்னிங் மிஸ்” என்கிறார்கள். அப்படிப்பட்டவளை, சின்ன வயதிலிருந்து நித்தம் ஓதுகிற, குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவையே இந்தப் பெண் வாரக்கணக்கில் தாண்ட விடவில்லை.

ஓதினேன். கண்ணை மூடிக் கேட்டாள். மறுபடியும் தட்டு.

அவள் பெயர் சுமையா. பரங்கிப்பேட்டைப் பெண். மார்க்கக் கல்வியை முறையாகப் படித்து முடித்த ஆலிமா. பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிற பையனைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தவள். ‘ரிட்டயர் ஆவதற்குள் குர்ஆனை ஒழுங்காக உச்சரித்து ஓதக் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று நானே போய் அவளிடம் சேர்ந்தேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். போன வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணக் கதையை எழுதியதில் என் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு, ஷிப்ட் முடிந்து வந்தும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் இந்த வாரம் பழி முழுவதும் என் மேலேயே இருக்கட்டும்.

‘தெரியாது’ என்று ஒரு பதில்

கோபத்தில் ஒரு நாள் அவளை மடக்கப் பார்த்தேன். ஓதும்போது ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். அதே மாதிரி வந்த இன்னோர் இடத்தில் நிறுத்த வேண்டாம் என்றாள்.

“ஏன் ஆலிமா, அங்க நிறுத்தணும், இங்க கூடாதா? என்ன காரணம்?”

கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுற்றிலும் பெண்கள். இந்தப் பிள்ளை எதையாவது சொல்லிச் சமாளிக்கும், பிடித்துக்கொள்ளலாம் என்று எனக்குள் ஓர் அற்பச் சந்தோஷம்.

சுமையா கொஞ்சம் யோசித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே, “எனக்குத் தெரியாது மாமி. எங்க ஆப்பாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்றாள்.

அவ்வளவுதான். முகம் சிவக்கவில்லை, பேச்சை மாற்றவில்லை. அடுத்த பெண்ணைப் பார்த்து, “நீங்க ஓதுங்க” என்றாள். அடுத்த வகுப்பில் மறக்காமல் பதிலோடு வந்தாள். ஆப்பா என்பது அவளுக்கு ஓதக் கற்றுக்கொடுத்த ஆசிரியை. அவரும் யாரிடமோ கேட்டுத்தான் சொன்னாராம்.

நான் அசந்து போனேன். இத்தனை வருஷமாக ஸ்டாப் ரூமில் எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன். அகவிலைப்படி, மருமகள், மூட்டுவலி எல்லாம் வரும். இந்த ஒரு வாக்கியம் வந்ததே இல்லை. தெரியாத கேள்வி வந்தால் எங்களுக்குப் பழகிய பதில் ஒன்று உண்டு: “இது சிலபஸ்ல இல்ல, உட்காரு.”

அன்றைக்கு வட்டம் கலைந்த பிறகு மெதுவாகக் கேட்டேன். “இத்தனை பேர் முன்னால தெரியாதுன்னு சொல்ல உனக்குக் கூச்சமா இல்லையாம்மா?”

“தெரியாததைத் தெரியும்னு சொன்னாத்தான் மாமி பயம். நான் உங்களுக்கு இஜாஸா கொடுத்துட்டேன்னா, நீங்க நாளைக்கு யாருக்குத் தப்பாச் சொல்லிக்கொடுத்தாலும் அதுக்கும் மறுமையில என்னையில்ல கேப்பாங்க?”

இஜாஸா என்றால் அனுமதி. முழுவதையும் என் வாயால் ஓதி, அவள் காதால் கேட்டு, இனி நீ பிறருக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று அவள் தருவது. அவளுக்கு அவளுடைய ஆப்பா தந்தார். அவருக்கு இன்னொருவர். இப்படியே ஒருவர் வாய், ஒருவர் காது என்று ஆயிரத்துச் சொச்சம் வருஷம் பின்னால் போகிறது. நெய்வேலிக் குவார்ட்டர்ஸ் ஒன்றின் முன்னறையில், பிளாஸ்டிக் பாயில் உட்கார்ந்து, நான் அந்த வரிசையின் வாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தபோது கை ரோமம் குத்திட்டு நின்றது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

தூணோரத்து வகுப்பு

நான் சும்மா இருக்கிற ஜென்மம் இல்லை. அந்தக் காலத்தில் எப்படித்தான் பாடம் நடத்தினார்கள் என்று கிடைத்ததையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சுமையாவையும் கேள்வி கேட்டுத் துளைத்தேன்.

பள்ளிவாசல் தூணில் சாய்ந்து ஆசிரியர் உட்காருவார். சுற்றி வட்டமாக மாணவர்கள். அடுத்த தூணில் இன்னொரு ஆசிரியர், இன்னொரு வட்டம். பிடித்த வட்டத்தில் போய் உட்காரலாம். மாணவன் வாசிப்பான், ஆசிரியர் கேட்பார், குறுக்கே கேள்வி வரும், பதிலுக்கு எதிர்க் கேள்வி வரும். கற்பிக்கும் அனுமதியைத் தருபவர் ஒரு மனிதர். எந்தக் கட்டடத்தில் படித்தாய் என்று யாரும் கேட்பதில்லை, யாரிடம் படித்தாய் என்றுதான் கேட்பார்கள்.

பாடம் முடிந்ததும் பின்தங்கியவர்களுக்கு அதையே திரும்பச் சொல்லிக்கொடுக்க மாணவர்களிலேயே ஒருவர் இருப்பார். அதற்கென்று தனிப் பதவி. ஒரு கலையை மூன்று சுற்றில் கற்பிக்க வேண்டும் என்று எழுதிய அறிஞர் இருந்திருக்கிறார். முதல் சுற்றில் மேலோட்டம், இரண்டாவதில் விவரம், மூன்றாவதில்தான் சிக்கல். அடித்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை பொய் சொல்லத்தான் பழகும் என்று எச்சரித்திருக்கிறார்கள். பாடம் முடிந்தால் விளையாட விடு, இல்லாவிட்டால் மனம் செத்துப்போகும் என்கிறார்கள்.

இன்னொன்று படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். ஓர் ஆசிரியர் தன் மாணவர்கள் முன்னால் அடுத்த ஆசிரியரின் பாடத்தை மட்டம் தட்டக் கூடாது என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். எங்கள் ஸ்டாப் ரூமை அந்தப் பெரியவர் அத்தனை நூற்றாண்டுக்கு முன்பே எட்டிப் பார்த்திருக்கிறார்.

எங்களுக்கு வருஷா வருஷம் ஆசிரியர் பயிற்சி நடக்கும். புரொஜெக்டர் போட்டு, சமோசா கொடுத்து, மாணவர்களை வட்டமாக உட்கார வைக்க வேண்டும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க விட வேண்டும் என்று நேற்றுக் கண்டுபிடித்த மாதிரி இங்கிலீஷில் சொல்வார்கள். நானும் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு தலையாட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அந்தத் தூணோரத்துக்காரர்கள் இதையெல்லாம் எப்போதோ செய்து பார்த்து, எது பலிக்கும், எது பலிக்காது என்று எழுதியும் வைத்துவிட்டார்கள்.

பழையதெல்லாம் தேன் என்று சொல்ல வரவில்லை. நான் சின்ன வயதில் ஓதப்போன இடத்தில் ஓதிக்கொடுத்த ஹஜ்ரத்தின் பிரம்புக்குப் பயந்து, அர்த்தம் தெரியாமல் கத்திவிட்டு ஓடி வந்தவள்தான். எழுதியவர்கள் ஒருபக்கம், பிரம்பு ஒருபக்கம் என்று எல்லா ஊரிலும் நடந்திருக்கிறது.

நூறு சதவீதம்

இப்போது கயல்விழியிடம் வருகிறேன். இந்த அத்தியாயமே அவளுக்காகத்தான்.

நான் வேலை பார்ப்பது ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். வாசலில் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று பெரிய பேனர் தொங்கும். அது கிழியாமல் இருக்க ஒரு வழக்கம் உண்டு, பல பள்ளிகளில் உண்டு. பிளஸ் ஒன் முடிகிற சமயத்தில், தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, தன்மையாகப் பேசி, டிசி வாங்கிக்கொள்ளச் சொல்வது.

போன வருஷம் என் பாடத்தில் அப்படி மாட்டியவள் கயல்விழி. வளையமாதேவிப் பெண். நிலம் சுரங்கத்துக்குப் போன குடும்பம், அப்பா கான்ட்ராக்ட் வேலையில் இருந்தார். வகுப்பில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், தரையைப் பார்ப்பாள், நிற்கச் சொன்ன நேரம் வரை நிற்பாள். பரீட்சையில் கணக்குகளை அப்படியே விட்டுவிட்டு, கேட்காத கேள்விக்கெல்லாம் அழகான கையெழுத்தில் பதில் எழுதி வைப்பாள்.

அவள் அம்மா ஒரு நாள் கேட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“வூட்ல எந்நேரமும் படிச்சிகினுதாங்க இருக்குது டீச்சர். வாய் ஓயறதே இல்லீங்க. பரீச்சைன்னு போனாதான் என்னா ஆவுதுன்னு தெரியலீங்க.”

“நான் பாக்குறேங்க.”

“டிசி குடுத்துட்டாங்கன்னா அவுங்கப்பாரு காடாம்புலியூருக்கு முந்திரி ஒடைக்க அனுப்பிடுவாருங்க. அங்க சொல்லியே வெச்சிகினு இருக்காரு. நீங்கதாங்க டீச்சர்...”

சொல்லிவிட்டு அந்த அம்மா பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

பிரின்சிபால் பெற்றோரைக் கூப்பிட இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. எல்லாரும் செய்வதைத்தான் முதலில் நானும் செய்தேன். ஸ்பெஷல் கிளாஸ், இம்பார்ட்டன்ட் கேள்விகள், எழுதிப் பார் என்று. ஒன்றும் அசையவில்லை.

நீ சொல்லு, நான் கேக்குறேன்

சுமையாவிடம் இரண்டு தட்டு வாங்கிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாலை. சாலை மரங்களுக்குக் கீழே நடந்து வந்தபோது ஒன்று உறைத்தது. எங்கள் வகுப்பில் பேசுவது முழுக்க நான். பிள்ளைகள் எழுதுகிறார்கள், நான் எழுதியதைத் திருத்துகிறேன். ஒரு பாடத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒரு பிள்ளையின் வாயால், ஒரே ஒரு பிள்ளையின் வாயாலாவது, எங்கே கேட்டோம்?

மறுநாள் மத்தியானம் கயல்விழியை லேபுக்குக் கூப்பிட்டேன். புத்தகத்தை மூடி வைத்தேன். அவள் நின்றாள். உட்காரச் சொன்னேன், இரண்டு பேரும் ஸ்டூலில் உட்கார்ந்தோம்.

“மூணாவது விதி. நீ சொல்லு, நான் கேக்குறேன்.”

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்கிற விதி. கடகடவென்று சொன்னாள். ஒரு எழுத்து பிசகவில்லை. புத்தகமே அவளுக்குள் இருந்தது. “சரி, நீ செவுத்தைத் தள்ளுற. எதிர்விசை எது?” என்றேன். கதவு சாத்தின மாதிரி வாய் மூடிக்கொண்டது.

வழக்கம்போல விளக்கம் சொல்ல என் வாய் துடித்தது. அடக்கிக்கொண்டு மேசையில் இரண்டு தட்டு தட்டினேன்.

“திரும்பச் சொல்லு. மெதுவா.”

இப்படியே போயிற்று பல நாள். நான் மணி பார்க்கவில்லை. மார்க் போடவில்லை. எங்கே தடுக்குகிறதோ அங்கே தட்டுவேன், அவள் திரும்பப் போவாள். சும்மா உட்கார்ந்து கேட்பது இத்தனை கஷ்டமான வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது. பாடம் நடத்திய நாட்களில்கூட இவ்வளவு களைத்துப் போனதில்லை.

ஒரு மத்தியானம் அவள் எழுந்து போய் லேப் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அழுத்திக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

“மிஸ், நான் மெதுவா தள்ளுனா செவுரும் மெதுவா தள்ளுது. பலமா தள்ளுனா பலமா தள்ளுது. நான் எவ்ளோ தள்றேன்னு செவுத்துக்கு எப்டி மிஸ் தெரியும்?”

நானும் போய் அவள் பக்கத்தில் சுவரில் கையை வைத்தேன்.

இந்த விதியை எத்தனை வகுப்புக்கு நடத்தியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. எத்தனையோ பேர் இதை எழுதி மார்க் வாங்கி, இன்ஜினியராகி, இங்கே மைன்ஸிலேயே வேலைக்கும் வந்துவிட்டார்கள். ஒருவரும் இதைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. சிலபஸில் இல்லை என்பது நாக்கு நுனி வரை வந்தது.

“தெரியலம்மா” என்றேன். “நாளைக்குப் படிச்சுட்டு வந்து சொல்றேன்.”

கயல்விழி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை. அந்தப் பெண்ணின் கண்களை அன்றைக்குத்தான் முதன்முதலாக நேராகப் பார்த்தேன்.

பழைய கல்லூரிப் புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கினேன். பதில் இருந்தது. எந்தச் சுவரும் முழுக்க விறைப்பில்லை. கை அழுத்தும்போது சுவர் துளியூண்டு அமுங்குகிறது, கண்ணுக்குத் தெரியாத அளவு. அமுங்கியது பழையபடி நிமிரப் பார்க்கிறது, அதுதான் நம் கையைத் தள்ளுகிறது. இன்னும் அழுத்தினால் இன்னும் அமுங்கி, இன்னும் பலமாகத் தள்ளும்.

மறுநாள் சொன்னேன். அவள் மெத்தையை அழுத்திப் பார்ப்பது போலச் சுவரை அழுத்திப் பார்த்தாள்.

“அப்போ செவுரும் கொஞ்சம் எறங்கிக் குடுத்துதான் மிஸ் தாங்கிகினு இருக்குது?”

சுப்ஹானல்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது.

பிரின்சிபால் அறை

இதற்கெல்லாம் பரீட்சை காத்துக்கொண்டிருக்குமா? ஆண்டுத் தேர்வில் கயல்விழி முன்பைவிட நன்றாகவே எழுதினாள். ஆனாலும் என் பாடத்தில் தேறவில்லை. பாதிக் கணக்குகளைப் போட்டிருந்தாள், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

பிரின்சிபால் அறையில் அவள் அம்மாவும் அப்பாவும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். கயல்விழி அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். பிரின்சிபால் கெட்டவர் இல்லை, கணக்கு வாத்தியாராக இருந்து வந்தவர். அவரையும் மேலே இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள்.

“மிஸ், உங்க பேப்பர்லயே பெயில். நீங்களே எப்படி மிஸ் வெச்சிக்கலாம்னு சொல்றீங்க?”

“பேப்பரை நீங்க பாத்தீங்க சார். நான் அவளைக் கேட்டிருக்கேன்.”

“கேட்டிருக்கேன்னா?”

“பாடம் முழுக்க அவ வாயால கேட்டிருக்கேன். எங்க நிக்கிறா, எங்க நகர்றான்னு எனக்குத் தெரியும். இந்தப் பொண்ணு தேறும்.”

“பப்ளிக்ல வாயால கேக்க மாட்டாங்களே மிஸ்.”

அது நியாயமான பேச்சு. அவள் அப்பா எழுந்து, “வுடுங்க டீச்சர், எங்களுக்கு எதுக்கு இதெல்லாம், டிசியக் குடுங்க சார்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. முடிந்துபோன காரியத்தைப் பேசுகிற குரல்.

அப்போது எனக்குச் சுமையா சொன்னது முழுசாகப் புரிந்தது. அனுமதி கொடுக்கிறவர் பின்னால் வரும் தப்புக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

“உட்காருங்கய்யா” என்றேன். பிறகு பிரின்சிபாலைப் பார்த்து, “இவளுக்கு நான் பொறுப்பு சார். பெயிலானா, மிஸ்ஸாலதான் நூறு போச்சுன்னு என் பேரைச் சொல்லுங்க. அப்புறம் பிளஸ் டூ எனக்குக் கொடுக்க வேணாம். ஆறாம் கிளாஸ் எடுக்குறேன்” என்றேன்.

பிளஸ் டூ என் மூச்சு என்று அவருக்குத் தெரியும். கயல்விழியைப் பார்த்தார்.

“என்னம்மா, மிஸ் இவ்ளோ சொல்றாங்க. படிப்பியா?”

அவள் தரையைப் பார்த்தபடி தலையாட்டினாள். வாயைத் திறக்கவில்லை. நான் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன்.

“சரி, வரட்டும்” என்றார் பிரின்சிபால்.

அன்று மாலை சுமையாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பாராட்டுவாள் என்ற ஆசை, பொய் சொல்வானேன். “இனிமே உங்களுக்குத் தூக்கம் வராது மாமி” என்று சொல்லிவிட்டு, பாயைத் தட்டி ஓதச் சொன்னாள்.

அவள் சொன்னபடியே தூக்கம் வரவில்லை. என் பேரில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தேறிப் போயிருக்கிறார்கள். ஒரு தனிப்பிள்ளைக்கு என் பேரைக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அப்பா சொல்லி வைத்த முந்திரிக் கம்பெனி அங்கேயேதான் இருக்கிறது. தலையாட்டியவள் பப்ளிக்கில் வாயடைத்துப் போனால் என்ன செய்வது என்று படுக்கையில் புரண்டேன்.

பழைய பாடம், புதிய வகுப்பு

இந்த வருஷம் பிளஸ் டூ ஆரம்பித்தாயிற்று. போன வாரம், புதுப் பாடத்துக்கு முன்னால் பழைய பாடத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். அவசரம். போர்டில் மேசையும், அதன் மேல் ஒரு புத்தகமும் வரைந்தேன். புத்தகத்தின் எடை என்று சொல்லி, மேசையின் மேல் கீழ்நோக்கி ஓர் அம்பு போட்டேன். திரும்பி அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டேன்.

“மிஸ்.”

யார் குரல் என்றே எனக்குப் பிடிபடவில்லை. வகுப்பு முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. மூன்றாவது பெஞ்சில் கயல்விழி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். தரையைப் பார்க்கவில்லை, போர்டைப் பார்த்தாள்.

“அந்த அம்பு தப்பு மிஸ். எடைன்றது பூமி புத்தகத்த இழுக்குறது. அது புத்தகத்து மேலதானே இருக்கணும்? மேசைய அமுக்குறது பூமி இல்ல மிஸ், புத்தகம்.”

மிஸ்ஸின் கோபம் வகுப்புக்குத் தெரியும். நான் போர்டைப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. வருஷக்கணக்காக இப்படித்தான் அவசரத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேனோ என்னவோ.

பப்ளிக் இனிமேல்தான். அதில் அவள் என்ன வாங்குவாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நிமிஷம் என்னைத் தூங்க விடாமல் வைத்திருந்த பயம் போய்விட்டது.

“வா, நீயே போடு” என்று சாக்பீஸை நீட்டினேன்.

வந்தாள். என் அம்பை அழித்தாள். புத்தகத்தின் மேல் ஒன்று, மேசையின் மேல் ஒன்று என்று இரண்டு அம்பு போட்டாள். நான் போய் மூன்றாவது பெஞ்சில், அவள் எழுந்த இடத்தில் உட்கார்ந்தேன். அவள் போர்டிலிருந்து திரும்பி, எங்கள் எல்லாரையும் பார்த்து, “எல்லாரும் இங்க கவனிங்க” என்றாள்.